அவுரித் தொட்டியும் நொதிகலனும்

செயற்கைச் சாயத்துக்கு மாற்று எது என்ற கேள்விக்கு இன்று இரண்டு விடைகள் முன்வைக்கப்படுகின்றன. ஒன்று செடி, மற்றொன்று நுண்ணுயிரி. செடிக்காக வாதிடுவோர் மரபையும் மண்ணையும் எடுத்துக்காட்டுகிறார்கள். நுண்ணுயிரிக்காக வாதிடுவோர் வேகத்தையும் சீரான தரத்தையும் எடுத்துக்காட்டுகிறார்கள். இரண்டும் எதிரெதிர் அணிகள் என்ற எண்ணமும் இவ்வாதங்களுக்கு இடையே ஊறிப்போயிருக்கிறது. அந்த எண்ணம் எவ்வளவு தூரம் நிற்கும் என்று சோதிக்க, இரண்டும் ஒரே பொருளைச் செய்துகாட்டும் களம் ஒன்று வேண்டும்.

நீலம் அப்படியொரு களம். அவுரித் தழையிலிருந்து வரும் இண்டிகோவும், மரபணு மாற்றிய ஈ. கோலை பாக்டீரியா தரும் இண்டிகோவும், ஆலையில் அனிலீனிலிருந்து செய்யப்படும் இண்டிகோவும் அணுவுக்கு அணு ஒன்றே: 16 கார்பன், 10 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 2 ஆக்சிஜன். பொருள் ஒன்றாகிவிட்ட பிறகு, வேற்றுமை முழுவதும் வந்த வழியில்தான் இருந்தாக வேண்டும். அந்த வழிகளை அருகருகே வைத்துப் பார்ப்போம்.

இரண்டு கலன்கள்

அவுரித் தொட்டியின் வேலை வயலில் தொடங்குகிறது. விதைத்து ஏறத்தாழ மூன்று மாதத்தில் தழை அறுவடைக்கு வருகிறது. திண்டிவனம் வட்டாரத்தில் இன்றும் நடக்கும் முறையில், அறுத்த தழை வாடுவதற்குள் தொட்டியில் அடுக்கப்படுகிறது. மேலே மரச்சட்டமும் பாரமும் ஏற்றி நீரில் அமிழ்த்தப்படுகிறது. அரைநாளுக்கு மேல் ஊறியபின், மஞ்சள் கலந்த பச்சை நீர் அடுத்த தொட்டிக்கு இறக்கப்படுகிறது. அங்கே அந்த நீரை அடித்துக் கலக்குகிறார்கள். காற்றுப் படப்பட நுரை நீலமாகிறது. நீலம் நீரில் கரையாது என்பதால் அடியில் படிகிறது. படிவைக் காய்ச்சி, துணியில் வடித்து, அழுத்தி, கட்டிகளாக வெட்டி உலர்த்தினால் சரக்கு தயார்.

நொதிகலனின் வேலை கிருமி நீக்கத்தில் தொடங்குகிறது. எஃகுக் கலன் நீராவியால் தூய்மையாக்கப்பட்டு, சர்க்கரைக் கரைசலும் உப்புகளும் அம்மோனியாவும் நிரப்பப்படுகின்றன. விதைப்பாக இடப்பட்ட பாக்டீரியா அதில் பெருகுகிறது. அது சர்க்கரையிலிருந்து டிரிப்டோபனுக்குச் செல்லும் பாதையில் இண்டோல் என்னும் பொருளைச் செய்கிறது. வெளியிலிருந்து புகுத்தப்பட்ட ஒரு நொதி அந்த இண்டோலை ஆக்சிஜனேற்றி இண்டாக்சிலுக்கு இட்டுச் செல்கிறது. கலனுக்குள் செலுத்தப்படும் காற்று அதை நீலமாக்குகிறது. வயலில் மாதங்கள் எடுத்தது இங்கே நாள் கணக்கில் முடிகிறது.

மேலோட்டமாகப் பார்த்தால் இவ்விரண்டுக்கும் ஒட்டே இல்லை. ஒன்று வெயிலில் திறந்து கிடப்பது. மற்றது மூடி முத்திரையிட்டது. ஒன்றில் அயல் உயிர் ஒன்று நுழைந்தால் யாரும் கவலைப்படுவதில்லை. மற்றதில் அயல் உயிர் ஒன்று நுழைந்தால் முழுச் சரக்கும் வீண். ஆனால் கடைசிப் படியைக் கவனியுங்கள். இரண்டு இண்டாக்சில் மூலக்கூறுகள் ஆக்சிஜனோடு சேர்ந்து ஓர் இண்டிகோவாக இணையும் அந்த வேலைக்கு இரு கலனிலும் எந்த நொதியும் தேவையில்லை. துடுப்பால் அடித்த நீரிலும் குழாய் வழியே குமிழியிட்ட நீரிலும் நீலத்தைப் பிறப்பிப்பது காற்றுதான்.

பாக்டீரியா நீலம் செய்யும் என்பது புதுச் செய்தியும் அன்று. இண்டோலை இண்டிகோவாக மாற்றும் மண் பாக்டீரியா ஒன்றைப் பற்றி 1928-லேயே பி. எச். எச். கிரே எழுதிவிட்டார். தொழில்நுட்பமாக அது உருக்கொண்டது 1983-இல். அமெரிக்காவின் ஆம்ஜென் நிறுவனத்தில் பர்ட் என்ஸ்லியும் உடன் ஆய்வாளர்களும் சூடோமோனாஸ் பாக்டீரியா நாப்தலீனைச் சிதைக்கப் பயன்படுத்தும் மரபணுக்களை ஈ. கோலைக்குள் புகுத்தினார்கள். வளர்ந்த பாக்டீரியா நீலநிறம் காட்டியது. நாப்தலீனைத் தாக்கும் நொதி, ஈ. கோலை தானாகவே செய்யும் இண்டோலையும் தாக்கியிருந்தது.

இங்கே ஒரு வியப்பான ஒற்றுமை ஒளிந்திருக்கிறது. 1897-இல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் ஆலை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது அதன் தொடக்கப் பொருளும் நாப்தலீனே. நாப்தலீனை ஆக்சிஜனேற்றும் சோதனையில் வெப்பமானி ஒன்று உடைந்து, சிந்திய பாதரசம் வினையை விரைவுபடுத்தியதால்தான் வழி திறந்தது என்று வேதியியல் வரலாற்றில் சொல்லப்படுகிறது. ஆலை நீலத்துக்கும் பாக்டீரியா நீலத்துக்கும் பாச்சை உருண்டையின் மூலப்பொருளே வாசலாக இருந்தது. இரண்டு வாசலும் எதிர்பாராமல்தான் திறந்தன. செடி நீலத்துக்கு மட்டும் அப்படியொரு கண்டுபிடிப்புக் கதை கிடையாது; அதைக் கண்டவர் யார் என்று எவரும் குறித்து வைக்கவில்லை.

பூட்டிய நீலம்

உயிருள்ள அவுரி இலையில் நீலம் இல்லை. இண்டாக்சில் காற்றுப் பட்டால் உடனே வினைபுரியும் பொருள். அதை அப்படியே வைத்திருக்க இயலாத செடி, ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை அதன்மேல் பூட்டி, நிறமற்ற இண்டிகனாகச் சேமித்து வைக்கிறது. பூட்டைத் திறக்கும் நொதி தனியே இருக்கிறது. இலை நைந்து ஊறும்போதுதான் இரண்டும் சந்திக்கின்றன. குளுக்கோஸ் கழன்று இண்டாக்சில் விடுபடுகிறது. தொட்டியில் அப்போது பெருகும் பாக்டீரியாக்களும் இந்தத் திறப்பில் பங்கெடுக்கின்றன. செடி நீலம் என்று நாம் அழைப்பது தொட்டியை அடைந்த கணம் முதல் செடியின் வேலை மட்டுமாக இருப்பதில்லை.

நொதிகலன் பாக்டீரியாவுக்கு இந்தப் பூட்டு தெரியாது. அது இண்டாக்சிலைச் செய்தவுடன் நீலம் உருவாகிக் கரையாத துகளாகிவிடுகிறது. துகளைப் பிரித்தெடுத்து, மறுபடியும் கரைய வைத்து, பிறகுதான் துணியில் ஏற்ற வேண்டும். 2018-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டாமி சூ, ஜான் டூபர் முதலியோர் வெளியிட்ட ஆய்வு இந்தக் குறையைச் செடியிடமிருந்தே கற்றுத் தீர்த்தது. நீலம் தரும் மற்றொரு செடியான ஜப்பானிய இண்டிகோவிலிருந்து, குளுக்கோஸைப் பூட்டும் நொதியின் மரபணுவை எடுத்து அவர்கள் ஈ. கோலைக்குள் வைத்தார்கள். பாக்டீரியா அதன்பின் இண்டிகோவைச் செய்யாமல் இண்டிகனைச் செய்தது. துணியில் வைத்து நொதியால் பூட்டைத் திறந்தால் நூலிழையிலேயே நீலம் பிறக்கிறது. 2024-இல் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே இண்டிகனை நொதியாலும் ஒளியாலும் துணியில் நீலமாக்கிக் காட்டினார்கள்.

எனவே நிலைமை இப்படி இருக்கிறது. செடியின் தொட்டிக்குள் பாக்டீரியா வேலை செய்கிறது. பாக்டீரியாவின் கலனுக்குள் செடியின் மரபணு வேலை செய்கிறது. பட்டுத் துணியைப் பச்சை இலைச் சாற்றில் நேராகத் தோய்த்து நூலிழையிலேயே நீலம் பிறக்க வைக்கும் பழக்கம் ஜப்பானில் நெடுநாளாக உண்டு. மிகப் புதிய ஆய்வகம் கண்டடைந்த சூத்திரமும் மிகப் பழைய கைப்பழக்கம் ஒன்றும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

இந்த உறவு மனித உடல்வரை நீள்வதுதான் இன்னும் வியப்பு. நம் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் உணவிலுள்ள டிரிப்டோபனிலிருந்து இண்டோலைச் செய்கின்றன. கல்லீரல் அதை இண்டாக்சிலாக்கி, சல்பேட்டைப் பூட்டிச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. நெடுநாள் சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்ட முதியோரிடம், பையிலுள்ள சில பாக்டீரியாக்கள் அந்தப் பூட்டைத் திறந்துவிடுவதுண்டு. அப்போது நீலமும் சிவப்பும் கலந்து பை ஊதாவாக மாறுகிறது. மருத்துவர்கள் அறிந்த நிலைதான் இது. செடி குளுக்கோஸால் செய்வதை நம் கல்லீரல் சல்பேட்டால் செய்கிறது; திறக்கும் பொறுப்பில் இரண்டு இடத்திலும் பாக்டீரியா பங்கெடுக்கிறது.

நைட்ரஜன் எங்கிருந்து?

இண்டிகோவின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் உள்ளன. அவை எங்கிருந்து வந்தன என்று கேட்டால் இரண்டு தரப்பும் இடம் மாறி அமர்ந்துவிடுகின்றன.

அவுரி பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் வேர் முடிச்சுகளில் ரைசோபியம் வகைப் பாக்டீரியாக்கள் குடியிருந்து, காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடி உண்ணும் வடிவத்துக்கு மாற்றித் தருகின்றன. நீலம் எடுத்த பின் மிஞ்சும் தழை வயலுக்கு எருவாகிறது. அடுத்து வரும் நெல்லுக்கு அது ஊட்டம். செடியின் நீலத்தில் இருக்கும் நைட்ரஜனில் ஒரு பகுதி, ஆக, நுண்ணுயிரி கொடுத்த கொடை.

நொதிகலன் பாக்டீரியாவுக்கு அந்த வரம் இல்லை. ஈ. கோலை காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கத் தெரியாத உயிர். அதற்குக் கொடுக்கப்படும் அம்மோனியா, பெரும்பாலும் இயற்கை எரிவாயுவைக் கொண்டு ஹேபர்-போஷ் முறையில் ஆலையில் செய்யப்படுவது. அந்த முறையை 1913-இல் முதன்முதலாகத் தொழிலளவில் நடத்திக் காட்டியது எது? ஆலை நீலத்தைக் கொண்டுவந்த அதே பிஏஎஸ்எஃப். ஆலைக்கு மாற்றாக வந்த நுண்ணுயிரி ஆலையின் நைட்ரஜனை உண்கிறது. நுண்ணுயிரிக்குப் போட்டியாகக் கருதப்படும் செடி நுண்ணுயிரியின் நைட்ரஜனை உண்கிறது.

கார்பனிலும் இதேபோல் ஒரு திருப்பம் உண்டு. அவுரிக்கு நிலம் வேண்டும், நொதிகலனுக்கு வேண்டாம் என்று சொல்லப்படுவதுண்டு. நொதிகலன் உண்ணும் சர்க்கரை மக்காச்சோளத்திலிருந்தோ கரும்பிலிருந்தோ வருகிறது. அந்த வயலும் வயல்தான். அதன் தண்ணீரும் தண்ணீர்தான். அவுரியின் நிலம் கண்ணுக்குத் தெரிகிறது. பாக்டீரியாவின் நிலம் சர்க்கரை மூட்டைக்குள் மறைந்திருக்கிறது. நேர்மையான கணக்கு இரண்டையும் எழுத வேண்டும்.

அளவும் தூய்மையும்

உலகம் இன்று ஆண்டுதோறும் பயன்படுத்தும் இண்டிகோ ஏறத்தாழ 50,000 டன் என மதிப்பிடப்படுகிறது. பெரும்பங்கு ஜீன்ஸ் துணிக்கு. செடி நீலம் உச்சத்தில் இருந்த 1897-ஆம் ஆண்டையொட்டி உலகில் அதன் உற்பத்தி சுமார் 19,000 டன். 1914-இல் அது 1,000 டன் அளவுக்குச் சுருங்கியது. இந்த எண்களை எதிரெதிரே வைத்தால் ஒன்று புலப்படும். செடி தன் பொற்காலத்தில்கூட இன்றைய தேவையின் பாதியைத் தொடவில்லை. பச்சைத் தழையின் எடையில் மிகச் சிறு பங்கே நீலமாகக் கிடைக்கிறது என்பதால், அவ்வளவு தேவையையும் அவுரியால் நிறைவேற்ற முனைந்தால் உணவுப் பயிரின் நிலத்தில்தான் கைவைக்க வேண்டிவரும்.

நொதிகலனின் தடை வேறு விதமானது. கலனைப் பெரிதாக்கலாம், எண்ணிக்கையைக் கூட்டலாம். ஆனால் ஒவ்வொரு லிட்டருக்கும் கிருமி நீக்கச் செலவும் காற்றோட்டச் செலவும் பிரித்தெடுக்கும் செலவும் உண்டு. இண்டோல் அளவு மீறினால் அதைச் செய்த பாக்டீரியாவுக்கே நஞ்சாகிறது. அமெரிக்காவின் ஜெனன்கோர் நிறுவனம் பல ஆண்டுகள் முயன்று நல்ல பாக்டீரியா வகைகளை உருவாக்கியது. ஆலை நீலத்தின் விலையோடு போட்டியிட முடியாமல் அது சந்தையில் நிலைபெறவில்லை. செடியை நிலம் கட்டுப்படுத்துகிறது என்றால் பாக்டீரியாவை மூலதனம் கட்டுப்படுத்துகிறது.

தூய்மையில் ஒரு சுவையான முரண் காத்திருக்கிறது. அவுரிக் கட்டியில் இண்டிகோவின் பங்கு பெரும்பாலும் பாதிக்குக் கீழேதான். மீதி மண், சுண்ணாம்பு, தழையின் எச்சங்கள், கூடவே இண்டிருபின் என்னும் செந்நிறச் சகோதரன். வெப்பமும் காரத்தன்மையும் கூடக்குறைய இண்டிருபினின் அளவு மாறுவதால் ஒரு தொட்டியின் நீலம் அடுத்த தொட்டியின் நீலமாக இருப்பதில்லை. கைத்தறி விரும்பிகள் அந்தச் செந்நீலச் சாயலுக்காகவே அவுரியைத் தேடுகிறார்கள்.

நொதிகலனிலும் அதே இண்டிருபின் உருவானது. ஆனால் ஜீன்ஸ் ஆலைக்குச் சீரான நீலம் வேண்டும். சிவப்புக் கலந்தால் சரக்கு திரும்பிவரும். எனவே ஜெனன்கோர் ஆய்வாளர்கள், இண்டிருபினுக்கு இட்டுச்செல்லும் ஐசாட்டின் என்னும் பொருளைச் சிதைக்கும் நொதி ஒன்றையும் பாக்டீரியாவுக்குள் சேர்த்தார்கள். ஒரே துணைப்பொருள், அங்கே அது கைவினையின் அடையாளம், இங்கே உற்பத்தியின் பிழை. மதிப்பை நிர்ணயித்தது வேதியியல் இல்லை, வாங்குபவரின் எதிர்பார்ப்பு.

யார் கையில்?

செடியின் பக்கம் மண்வாசனை இருப்பதால் அறமும் அங்கேதான் இருக்கும் என்று கொள்வது எளிது. வரலாறு அதற்கு இடம் தரவில்லை. 1859-இல் வங்காளத்தின் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தது இயற்கைச் சாயத்துக்காக அவர்கள் மேல் சுமத்தப்பட்ட கொடுமையை எதிர்த்துத்தான். பீகாரின் சம்பாரணில் ஒவ்வொரு 20 பங்கு நிலத்திலும் 3 பங்கில் அவுரி பயிரிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. ஆலை நீலம் வந்து விலை வீழ்ந்தபோதும் விவசாயிக்கு விடுதலை கிடைக்கவில்லை; கட்டாயத்திலிருந்து விடுவிக்கவே கூடுதல் குத்தகையும் தொகையும் வசூலிக்கப்பட்டன. 1917-இல் காந்தி சம்பாரணுக்குச் சென்றது இந்தப் பின்னணியில்தான். செடி இயற்கையானது, அதைச் சுற்றியிருந்த ஒப்பந்தம் அப்படியில்லை.

நுண்ணுயிரியின் பக்கம் வேறொரு கேள்வி எழுகிறது. அவுரி விதையை எந்த விவசாயியும் அடுத்த பருவத்துக்கு எடுத்து வைக்கலாம். நீலம் செய்யும் பாக்டீரியா வகையும் அதன் முறையும் காப்புரிமைக்குள் இருக்கக்கூடியவை. கலனை நிறுவ முதலீடும் பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும். அவுரித் தொட்டி ஒரு கிராமத்தின் வருமானமாக முடியும். நொதிகலன் ஒரு நிறுவனத்தின் வருமானமாகவே தொடங்குகிறது. ஆனாலும் பாக்டீரியாவின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. அதன் நீலத்துக்காக மணிக்கணக்கில் தொட்டி நீரில் நின்று கால் கடுக்க வேண்டியவர் எவரும் இல்லை.

நீலத்தைத் தாண்டி

நீலத்தில் கண்ட இந்த உறவு பிற நிறங்களிலும் நிற்குமா? சிவப்பில் சோதித்துப் பார்க்கலாம். இம்பூறல் என்றும் பெயருள்ள சாயவேர், சோழமண்டலக் கரையின் துணிகளுக்குச் சிவப்பு தந்த செடி. அதன் வேரிலுள்ள அலிசரின், ஆந்த்ராகுவினோன் என்னும் வளைய அமைப்பைச் சேர்ந்தது. பென்சிலியம் போன்ற சில பூஞ்சைகளும் இதே வளைய அமைப்பில் நிறமிகளைச் செய்கின்றன. நீலத்தில் இரு தரப்பும் இண்டாக்சிலிலேயே வந்து கூடின. சிவப்பிலோ கட்டுமானம் ஒன்றாக இருக்க, கட்டும் வழி அடியோடு வேறு. பூஞ்சை, இரண்டு கார்பன் கொண்ட அலகுகளை வரிசையாகக் கோத்து மடக்கி வளையமாக்குகிறது. சாயவேரின் குடும்பமோ, பாக்டீரியாக்கள் வைட்டமின் கே2 செய்வதற்குப் பயன்படுத்தும் பாதையின் தொடக்கப் படிகளை ஒட்டிச் சென்று அலிசரினை அடைகிறது. நுண்ணுயிரிகளுள் ஒன்றான பூஞ்சையைவிடச் செடிதான் இங்கே பாக்டீரியாவுக்கு நெருக்கமாக நிற்கிறது.

நிலைப்பில் இரண்டும் சமமான சிக்கலுக்கு ஆளாகின்றன. அலிசரின் பருத்தியில் பிடிக்கக் கடுக்காயும் படிகாரமும் வேண்டும். பூஞ்சையின் ஆந்த்ராகுவினோன் பலவற்றுக்கும் உலோக உப்பின் துணை வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் படிகாரத்தை விட்டுக் குரோமியத்துக்குப் போனால் இயற்கை நிறமியால் கிடைத்த நன்மை சாயக்கழிவில் கரைந்துவிடும்.

மஞ்சள்பொடியையும் செராட்டியா பாக்டீரியாவின் புரோடிஜியோசினையும் இணைவைத்தால் கண்ணாடியில் தெரியும் எதிருரு போன்ற ஒரு காட்சி கிடைக்கிறது. 1819-இல் இத்தாலியில் பாதுவா நகருக்கு அருகே மக்காச்சோளக் களி இரத்தச் சிவப்பாக மாறி மக்களை அச்சுறுத்தியபோது அந்தச் சிவப்பைத் தந்த நிறமி புரோடிஜியோசின்தான். அமிலத்தில் சிவந்திருக்கும் புரோடிஜியோசின் காரத்தில் மஞ்சளாகிறது. ஆரத்தித் தட்டில் நாம் காண்பது அதன் மறுதலை: மஞ்சள்பொடி சுண்ணாம்பின் காரத்தில் சிவக்கிறது. ஒன்று சிவப்பிலிருந்து மஞ்சளுக்கும் மற்றது மஞ்சளிலிருந்து சிவப்புக்கும் செல்ல, இரண்டையும் நகர்த்துவது ஒரே காரம். இரண்டுமே வெயிலில் விரைவில் வெளுப்பவை. உயிரிலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு நிறம் துணிக்குத் தகுதி பெற்றுவிடாது என்பதற்கு இந்தச் சோடி போதும். செராட்டியாவின் சில வகைகள் நோயுண்டாக்கக்கூடியவை என்பதால் அதன் நிறத்தைத் தொழிலாக்குவதற்குக் கூடுதல் எச்சரிக்கையும் வேண்டும்.

சாயத்தொட்டியில் நடக்கும் தீர்ப்பு

இதுவரை நிறம் பிறக்கும் இடத்தையே பேசினோம். மாசு பெரும்பாலும் நிறம் துணியைச் சேரும் இடத்தில் பிறக்கிறது. திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவற்றின் கழிவால் நொய்யல் ஆற்றுக்கு நேர்ந்த கேட்டில் பெரும்பங்கு, சாயம் பருத்தியில் ஏறக் கொட்டப்பட்ட உப்பினுடையது. சாயம் எங்கே பிறந்தது என்று மட்டும் கேட்டிருந்தால் அந்த உப்பு கணக்கிலேயே வந்திருக்காது.

நீலத்துக்கு இது இன்னும் பொருந்தும். இண்டிகோ நீரில் கரையாது. அதை ஒடுக்கி, கரையும் வடிவத்துக்கு மாற்றித்தான் நூலில் ஏற்ற முடியும். ஆலைகளில் இதற்குப் பயன்படுவது சோடியம் டைதயோனைட். சாயப்பட்டறையின் பேச்சில் ஹைட்ரோஸ். அது சிதைந்து சல்பேட்டும் சல்பைட்டுமாகக் கழிவுநீரில் சேர்கிறது. அவுரி நீலத்தை ஹைட்ரோஸில் கரைத்தாலும் இதே கழிவுதான். பாக்டீரியா தந்த நீலத்தைக் கரைத்தாலும் இதேதான். துணியில் தொங்கும் சீட்டில் இயற்கை நீலம் என்று அச்சிட்டிருந்தாலும் கழிவுநீர் அதைப் படிப்பதில்லை.

பழைய சாயத்தொட்டி ஹைட்ரோஸ் அறியாதது. தென்னிந்தியச் சாயக்காரர்கள் அவுரிக் கட்டியோடு சுண்ணாம்பையும் வேகவைத்த தகரை விதையையும், சில இடங்களில் வெல்லத்தையும், சேர்த்து நாள்கணக்கில் புளிக்க வைத்தார்கள். தகரையும் வெல்லமும் அங்கே பாக்டீரியாவுக்கு இரை. அந்தப் பாக்டீரியா தன் உணவைச் சிதைக்கும்போது விடும் எலக்ட்ரான்களைத் தன்னால் உண்ண முடியாத நீலத் துகளுக்குக் கடத்துகிறது. நீலம் ஒடுங்கிக் கரைகிறது. ஐரோப்பியச் செடி நீலத் தொட்டியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இத்தகைய பாக்டீரியா ஒன்று 1999-இல் கிளாஸ்ட்ரிடியம் ஐசாடிடிஸ் என்று பெயர் பெற்றது. ஜப்பானியத் தொட்டியிலிருந்து ஆல்கலிபாக்டீரியம் வகை ஒன்று பிறகு இனங்காணப்பட்டது. பெயர்கள் புதியவை; வேலை பல நூற்றாண்டுப் பழையது.

இந்த இடத்தில் நம் ஒப்பீட்டின் தலைப்பே சற்று நெகிழ்ந்துபோகிறது. செடியா நுண்ணுயிரியா என்று கேட்டோம். அவுரி நீலத்தின் வழியைத் தொடர்ந்து சென்றால் வேர் முடிச்சில் ஒரு பாக்டீரியா, ஊறும் தொட்டியில் ஒரு பாக்டீரியா, சாயத்தொட்டியில் இன்னொரு பாக்டீரியா. நொதிகலன் நீலத்தின் வழியைத் தொடர்ந்து சென்றால் சர்க்கரை தந்த ஒரு செடி, பூட்டு தந்த இன்னொரு செடி. இரண்டு வழிகளிலும் இரண்டு உயிர்களும் வேலை செய்கின்றன. வேறுபடுவது யார் எந்தப் படியில் நிற்கிறார் என்பது மட்டுமே.

இந்த ஒப்பீடு தரும் முடிவு, ஆகவே, ஒருவரை வென்றவராக அறிவிப்பதாக இருக்க முடியாது. 50,000 டன்னை அவுரி ஈடுசெய்யாது. கைத்தறிக்கும் கிராமத் தொழிலுக்கும் எருவாகும் தழைக்கும் அது ஈடில்லாதது. சீரான பெருந்தொகை நீலத்துக்கு நொதிகலன் பொருந்தும். ஆனால் விலை இறங்காதவரை அது ஆய்வகத்தின் வாக்குறுதியாகவே நிற்கும். இரண்டுக்கும் முன்னால், இன்றே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. நீலத்தைச் செய்யும் பாக்டீரியாவைத் தேடியதில் காட்டிய முனைப்பில் ஒரு பங்கை, நீலத்தைக் கரைக்கும் பாக்டீரியாவின்மீது காட்டலாம். தகரை விதைத் தொட்டியில் நாள்கணக்காகும் அந்த ஒடுக்கத்தை ஆலையின் வேகத்துக்குக் கொண்டுவர முடிந்தால், ஹைட்ரோஸ் தேவைப்படும் எந்த நீலத்துக்கும் அது உதவும். அனிலீனிலிருந்து வந்த நீலமும் அதில் அடக்கம். செயற்கைச் சாயத்துக்கு மாற்று தேடிப் புறப்பட்ட இரண்டு தரப்பும் செயற்கைச் சாயத்தையே சற்றுத் தூய்மையாக்கும் வழியைத் தங்களுக்குள் வைத்திருக்கின்றன என்பதே இந்த எடைபோடலில் கிடைத்த எதிர்பாராத ஆதாயம்.